நொக்ஸின் நூலில் இறைவழிநடத்துதல்: ஒரு திறனாய்வு நோக்கு

கண்டி இராச்சியத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய வரலாற்று நூலாகும். நாட்டின் இயற்கை, அரசனும் ஆட்சியும், மக்களின் வாழ்வும் வழக்கமும், ஆசிரியரின் சிறைவாழ்வு என நான்கு பாகங்களாக அமைந்த இந்நூலின் முதல் மூன்று பாகங்களை வரலாற்று மாணவரும் சமூகவியலாளரும் பயன்கொண்ட அளவுக்கு நான்காம் பாகத்தை இலக்கிய மாணவர் பயன்கொண்டனர் எனல் இயலாது. இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியை அறிய விழைவோருக்கு அப்பாகம் ஒருவரின் தனிக்கதை மட்டுமே. ஆயின் நூலுக்கு உயிர் அப்பாகத்திலேயே உளது. பத்தொன்பது வயதில் பிடிபட்டு முப்பத்தெட்டு வயதில் தப்பிச்சென்ற ஒருவன், அவ்வாண்டுகளின் அன்றாடத்தில் தன் கடவுள் தன்னை எவ்வாறு நடத்தினார் என்று கூறும் கதை அது. நெல், கோழி, பன்றி, தொப்பி, கடன், வட்டி, காய்ச்சல் ஆகியவற்றின் நடுவே இறைவழிநடத்துதலைத் தேடும் அக்கதை எங்கே நம்பத்தக்கதாய் நிற்கின்றது, எங்கே தளர்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கதையின் தொடக்கம் நன்கு அறியப்பட்டது. 'ஆன்' என்னும் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் அமைத்தற்பொருட்டுத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை அது அடைந்தது. 1660 இல் கப்பற்றலைவரான மூத்த றொபேட் நொக்ஸும் அவருடைய பெயரையே கொண்ட மகனும் உட்படப் பதினாறு பேர் அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். இங்கே ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. செய்தி சொல்வதற்காக மகன் கப்பலுக்கு அனுப்பப்படுகின்றான். அவன் திரும்பாதிருந்தால் தடுப்பார் எவருமிலர். ஆயினும் தன்னைத் தனியே விட்டுவிடலாகாது என்று தந்தை தன் ஆசியின்மேல் ஆணையிட்டிருந்தமையால் அவன் தானாகவே கரைக்கு மீண்டு சிறையை ஏற்றான். ஏறத்தாழ இருபது ஆண்டுச் சிறைவாழ்வு இவ்வாறு ஒரு கீழ்ப்படிதலிலே தொடங்குகின்றது. இது விண்ணுலகத் தந்தைக்குச் செய்த கீழ்ப்படிதல் அன்று, மண்ணுலகத் தந்தைக்குச் செய்தது. தந்தை மரணப்படுக்கையில் இதனை எண்ணி வருந்தினார் என நூல் கூறுகின்றது. மகன் வருந்தியதாகக் கூறவில்லை.

தந்தையும் மகனும் ஏழு கோறளையிலுள்ள பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். அவரை அடக்கஞ்செய்தற்கு ஊராரிடம் உதவி கேட்டபோது, பிணத்தைக் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச்செல்ல மாடு கட்டும் கயிற்றையே அவர்கள் அனுப்பினர். மகன் நோயுடம்போடு கூலிக்கு ஆள் பிடித்துத் தந்தையைப் புதைத்தான். இப்பகுதியின் நடை குறிப்பிடத்தக்கது. அவலத்தை மிகைப்படுத்தும் முயற்சி அங்கில்லை. கடவுளின் திருவுளம் இதுவெனும் விளக்கமும் ஏறக்குறைய இல்லை. செய்யவேண்டியதை ஒருவன் செய்துமுடித்தான் என்ற அளவில் அது நிற்கின்றது. நூலின் பிற்பகுதியில் எளிதாய் வந்துவிழும் தேவபராமரிப்பு என்னும் சொல் மிகக்கொடிய இவ்விடத்தில் அடங்கியிருத்தல் ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று எனலாம்.

நொக்ஸிடம் அப்போது இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று பேய்லி எழுதிய 'பக்திப் பயிற்சி'. மற்றது றொஜேர்ஸ் என்பார் கிறிஸ்தவ வாழ்வுநெறி பற்றி எழுதியது. முன்னையது அக்காலப் புரட்டஸ்தாந்து இல்லங்களிற் பரவலாக வழங்கியது. ஜோன் பனியனின் மனைவி மணமகளாய் வந்தபோது கொண்டுவந்த இரு நூல்களுள் அதுவும் ஒன்று. அதே நூலைப் படித்த பனியன் பெட்போட் சிறையிற் கிடந்த ஆண்டுகளிலேயே நொக்ஸும் கண்டி நாட்டிற் சிறையிருந்தார். ஒருவர் சிறையிலிருந்து உருவகம் ஒன்று பிறந்தது. மற்றவர் சிறையிலிருந்து ஒரு நாட்டின் விவரணம் பிறந்தது. 1678 இல் வெளிவந்த பனியனின் 'மோட்சப் பயணம்' எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் 1894 இல் 'இரட்சணிய யாத்திரிக'மாய்த் தமிழ்க் காப்பிய வடிவு பெற்றது. ஆதலின் இறைவழிநடத்துதல் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவ வாசகர் மனத்தில் எழுவது அந்த உருவக வழியே. அவ்வழியில் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருள் முன்னரே எழுதப்பட்டிருக்கும். நொக்ஸ் நடந்த வழியிலோ மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் மட்டுமே இருந்தன. அவற்றுக்குப் பொருள் காணும் பொறுப்பு நடந்தவனுடையது. இவ்வேறுபாடே நொக்ஸின் நூலை இரட்சணிய யாத்திரிகத்தைப் படித்தோரும் படிக்கவேண்டியதாக்குகின்றது.

இரு நூல்களையும் மனப்பாடமாகும்வரை படித்து முடித்த நிலையில், ஓடையொன்றில் நொக்ஸ் தூண்டிலிட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், உன் எசமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று நொக்ஸின் பையனிடம் வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பைவிட்டு நீங்கிய காலத்தில், அஃதாவது 1656 இல், தமக்குக் கிடைத்த நூலொன்று தம்மிடம் இருப்பதாகவும் விற்க விரும்புவதாகவும் கூறினார். போர்த்துக்கேயர் நூல் என்பதால் நொக்ஸ் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் கையில் வாங்கித் திறந்தபோது அது ஆங்கில வேதாகமம். கண்ணிற்பட்ட பக்கம் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். பிலிப்பி நகரச் சிறைக்காவலன் தன் மீட்புக்கு வழி கேட்கும் இடம். மகிழ்ச்சி மேலிட்டதா அச்சம் மேலிட்டதா என்று தமக்கே தெரியவில்லை என நொக்ஸ் எழுதுகின்றார். தம்மிடமிருந்த ஒரேயொரு பொன் வராகனையும் கொடுத்துவிடத் துணிந்தார்.

நூல் முழுவதிலும் புகழ்பெற்ற பகுதி இதுவே. தேவபராமரிப்பு பற்றிய பிரசங்கங்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகவும் இது அமைகின்றது. பிரசங்கத்துக்கு முதியவர், வேதாகமம், திறந்த பக்கம் ஆகிய மூன்றும் போதும். திறனாய்வாளனுக்கு அவை போதா. அக்காட்சியில் இன்னொருவன் நிற்கின்றான். முதியவரோடு பேசியவன் அவன். வராகனைக் கொடுத்துவிடவேண்டாம், பொருள் வேறு தேவைகளுக்கு வேண்டியிருக்கும் என்று தடுத்தவன் அவன். நூல்மேல் ஆசையில்லாதவர்போல் முதியவர்முன் நடந்துகொள்ளும் என்று கற்பித்தவனும் அவனே. உறக்கமின்றி நொக்ஸ் கழித்த இரவுக்குப்பின் விடியற்காலையில் சென்று வாங்கிவந்தவனும் அவனே. விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு பின்னற்றொப்பி. அதனையும் அவனே பின்னியிருந்தான். நொக்ஸ் இவ்விவரங்களை ஒளிக்கவில்லை. ஒன்றுவிடாமல் எழுதுகின்றார். ஆயின் எழுதிமுடித்து நன்றி கூறும்போது அந்நன்றி முழுவதும் மேல்நோக்கியே செல்கின்றது. இறைவன் வேதாகமத்தை அனுப்பினார் என்ற வாக்கியத்துக்கும் பையன் தான் பின்னிய தொப்பியைக் கொடுத்து வாங்கிவந்தான் என்ற வாக்கியத்துக்கும் இடையில் இருக்கவேண்டிய இணைப்பு எழுதப்படாமற் போயிற்று.

இப்பையன் யார்? நூல் தரும் செய்தி சிறிது. தமக்கு ஏவல்செய்வதற்காகப் பறங்கிப்பேட்டையிலிருந்து தாம் கொண்டுவந்த கறுப்புப் பையன் என்கின்றார் நொக்ஸ். பறங்கிப்பேட்டை சோழமண்டலக் கரையில், சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள துறைமுகம். பையன் தமிழனாயிருத்தல் கூடும். எனினும் நூல் அதனைக் கூறவில்லை. அவனுடைய மொழியோ மதமோ பெற்றோரோ பேசப்படவில்லை. பிடிபட்டபின் எசமானும் தன்னைப்போலவே சிறைப்பட்டவர், முன்போலத் தன்னை அடக்கும் வலி அவருக்கில்லை என்று கண்ட பையன் சொற்கேளாதவனாயினான் என்று நொக்ஸ் குறைகூறுகின்றார். நூலில் பையனைப்பற்றி வரும் கருத்துரை இது ஒன்றே. இவ்விடத்தில் வாசகர் தயங்கவேண்டும். ஒரே கப்பலில் வந்து ஒரே நாளில் பிடிபட்ட இருவரில் ஒருவருக்கு அது கடவுளின் சோதனை. மற்றவனுக்கோ அடிமைநிலை சற்றுத் தளர்ந்த காலம். இரண்டாமவனின் கதையை எழுத ஒருவரும் இலர். முதலாமவர் கதையின் ஓரத்தில் அது தானாய் எட்டிப்பார்க்கின்றது.

அப்போஸ்தலர் நடபடிகளின் அவ்வதிகாரத்தை மீளப் படிப்போருக்கு இன்னொன்றும் புலப்படும். அங்கே நிலநடுக்கத்தாற் சிறைக்கதவுகள் திறக்கின்றன. பவுலும் சீலாவும் தப்பியோடவில்லை. அவர்கள் ஓடாதிருந்தமையே காவலனின் வினாவுக்குக் காரணமாயிற்று. தப்பிச்செல்லும் எண்ணமே மூச்சாயிருந்த நொக்ஸ் தமக்கு வாய்த்த பக்கத்தின் இப்பகுதியைப் பற்றி ஏதும் பேசவில்லை. மீட்பு என்னும் சொல்லே அவர் கண்ணிற்பட்டது. ஒருவர் தமக்கு வேண்டிய வசனத்தையே வேதத்திற் காண்பார் என்பதற்கு இதனைக் குற்றமாக எடுத்துக்காட்டவேண்டுவதில்லை. திறந்த பக்கத்தைக் கடவுளின் நேர்க்கட்டளையாகக் கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டுக் கிறிஸ்தவரிடையிலும் உண்டு. நம் நாட்டு வீடுகளிலும் உண்டு. அப்பழக்கத்தில் பக்கம் தானாகத் திறந்தாலும் படிக்கும் கண் தானாகத் திறப்பதில்லை என்பது மட்டும் நினைவிற்கொள்ளத்தக்கது.

1664 இன் இறுதியில் அரசனுக்கு எதிராக நிலம்பையிற் கலகம் மூண்டது. அதன்பின் அரசன் அங்குறன்கெத்தைக்கு இருப்பிடத்தை மாற்றினான். நொக்ஸ் மலைமேலுள்ள லெகுந்தெனியவில் வைக்கப்பட்டுப் பின்னர் எலதெத்தவை அடைந்தார். பேராதனைக்கு அண்மையில், உடுநுவரைப் பகுதியிலுள்ள அவ்வூர் இன்றும் அப்பெயரோடு உளது. 25 லாரின் கொடுத்து அங்கே நிலம் வாங்கி, வீடுகட்டி, தம் நாட்டார் சிலரோடு குடியமர்ந்தார். பெண்கள் இல்லாமலே வாழ்வது என அவர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். அவர்களுள் இருவர் பின்னர் மணம்புரிந்து பிரிந்தனர். ஸ்டீபன் றட்லண்ட் என்பவர் மட்டும் எஞ்சினார். தொப்பி பின்னி விற்றல், பன்றியும் கோழியும் வளர்த்தல், அயலாருக்கு நெற்கடன் கொடுத்து அறுவடையில் நூற்றுக்கு ஐம்பது கூடுதலாக வாங்குதல், பொதிசுமந்து சில்லறை வாணிகம் செய்தல் எனத் தொழில் விரிந்தது.

இறைவழிநடத்துதலை அன்றாட வாழ்விற் காண விழைவோர்க்கு இப்பகுதியே மிகப் பயன்தரும். இங்கே அற்புதம் ஒன்றுமில்லை. விடுதலைக்கான அறிகுறியும் இல்லை. பத்தாண்டுக்கு மேலாக ஒருவர் தினமும் வேதம் வாசித்து, தினமும் கணக்குப் பார்த்து, தினமும் வழி விசாரிக்கின்றார். நம்பிக்கை என்பது காத்திருத்தல் என்று கொண்டு அவர் கைகட்டி இருந்தாரல்லர். பொதிசுமந்து வடக்கே செல்லும் வாணிகப் பயணங்கள் யாவும் தப்பும் வழியை ஆராயும் பயணங்களே. மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு, இரும்புப் பொருள்கள் ஆகியவற்றை விற்றுக்கொண்டே காவலரண்கள் எங்கே, நீர்நிலைகள் எங்கே, எந்தக் காட்டுவழி எங்கே முடியும் என்பனவற்றை அவர் குறித்துக்கொண்டார். செபமும் உளவும் ஒருங்கே நடந்தன. இவற்றிடையே முரண் இருப்பதாக நொக்ஸுக்குத் தோன்றவில்லை. இங்குத் தோன்றவேண்டியதும் இல்லை.

ஆனால் நெற்கடனைப் பற்றி அவர் பேசும் இடத்தில் வாசகர் சற்று நெளியவே செய்வர். அது அந்நாட்டு வழக்கம் என்று அவர் கூறுவது உண்மையே. அயலார் வாங்கியதும் தாமாக வந்துதான். எனினும் தம் செல்வப்பெருக்கத்தை ஆண்டவரின் ஆசியாகக் கருதும் அவர் பேனா, அறுவடைக்களத்தில் ஒன்றுக்கு ஒன்றரையாய் அளந்துகொடுத்த உழவனை ஆசிபெற்றவனாகவோ இழந்தவனாகவோ எண்ணிப்பார்ப்பதில்லை. இறைவனின் பராமரிப்பு ஒரு வீட்டுக் களஞ்சியத்தின் அளவாற் கணிக்கப்படும்போது அடுத்த வீட்டுக் களஞ்சியமும் கணக்கில் வரவேண்டும். சீர்திருத்தத் திருச்சபையினரின் சிக்கனப் பண்பைப் பற்றிச் சமூகவியலாளர் நீளப் பேசியுள்ளனர். உடுநுவரையின் ஒரு வளவில் அதன் சிறு வடிவத்தைக் காணலாம்.

அரசசேவை பற்றிய நிகழ்ச்சி வேறுவகையானது. சிறைப்பட்ட ஆங்கிலேயர் சிலர் அரசவையில் உயர்பதவி பெற்றனர். நொக்ஸையும் அவ்வாறு ஈர்க்க முயன்றனர். அவர் பணிவாக மறுத்து ஒதுங்கினார். உயர்ந்தவர்களுள் சிலர் பின்னர் அரசனின் சினத்துக்கு இரையாயினர். தாம் ஒதுங்கியது கடவுள் காட்டிய வழி என நொக்ஸ் கருதினார். இங்கே அவர் கருத்து ஏற்புடையதே. ஏனெனில் விளைவு தெரியும் முன்னரே, ஆபத்தை எதிர்நோக்கியபடி, அவர் அம்முடிவை எடுத்தார். பின்னாளில் வந்த விளக்கம் முன்னாளில் எடுத்த முடிவோடு பொருந்துகின்றது.

அப்பொருத்தம் இல்லாத இடம் நூலில் உண்டு. வடக்கே சென்ற பயணமொன்றில், பல ஆண்டுகளுக்குமுன் தாம் விலக்கிவிட்ட அதே பையனை நொக்ஸ் காண்கின்றார். பையன் இப்போது மனைவி மக்களோடு வறுமையில் வாழும் ஆடவன். அப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் வழிகளை நன்கறிந்தவன். ஒல்லாந்தர் எல்லைவரை வழிகாட்டினால் நல்ல வெகுமதி உண்டு என நொக்ஸ் கேட்க, அவன் மகிழ்ந்து உடன்பட்டான். அறுவடைக்காலமாதலால் எங்கும் ஆள்நடமாட்டம். இரண்டு மாதம் கழியட்டும் என்று காரணமும் கூறினான். நாள் குறிக்கப்பட்டது. யாவும் ஆயத்தமாகி மறுநாள் புறப்படவேண்டிய வேளையில் நொக்ஸுக்கு வலப்புறத்திற் கடும் வலி எழுந்தது. ஐந்து நாள் அடுப்பங்கரையைவிட்டு அசைய இயலவில்லை. தேறியபின் சென்று பார்த்தபோது அவன் வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தான். வழிகாட்டியின்றிச் செல்லத் துணியாமல் நொக்ஸ் திரும்பினார். தேவனின் வேளை இன்னும் வரவில்லை என்பது இதற்கு அவர் தரும் விளக்கம்.

இவ்விளக்கம் ஆறுதலுக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. வலியோடு கிடந்த அந்த ஐந்து நாளில் அவர் இதனை நம்பியிருந்தால் அது பெரிய நம்பிக்கை. ஆயின் வாசகர் கையிலிருக்கும் நூல் அந்த ஐந்து நாளில் எழுதப்பட்டதன்று. தப்பியபின், தாயகம் நோக்கிய கடற்பயணத்தில் எழுதத் தொடங்கப்பட்டது. பின்னர் உறவினரான ஜோன் ஸ்றைப் என்னும் குருவானவர் அதனை ஒழுங்குபடுத்த உதவினார் என்பர். இயற்பியலாளர் றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார். வேளை வந்துவிட்டது என்பதை அறிந்தபின்னரே வேளை இன்னும் வரவில்லை என்ற வாக்கியத்தை எழுத இயலும். கரையேறியவன் எழுதும் கதையில் ஒவ்வொரு தடையும் தாமதமாக மாறிவிடுகின்றது. பண்டார கொஸ்வத்தையில் இறந்த தந்தைக்கும், கண்டி நாட்டிலேயே மடிந்த ஏனைய கப்பலோட்டிகளுக்கும் இவ்வாக்கியம் எவ்வாறு பொருந்தும்? அவர்களும் அதே வேதத்தை நம்பினவர்களே. நூலின் மிகப்பெரிய குறை இங்கேயே உளது. கடவுள் தம்மை நடத்தினார் என்று கூற நொக்ஸுக்கு உரிமை உண்டு. ஆனால் தப்பியதையே நடத்தியதன் சான்றாகக் காட்டும்போது, தப்பாதவர்கள் நடத்தப்படாதவர்களாகிவிடுகின்றனர்.

தமிழ் மரபு இச்சிக்கலை வேறுவகையில் அணுகியுள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழிநெடுக நல்லோர் துணையிருக்கின்றனர், கவுந்தியடிகள் உடன்வருகின்றார், மாதரி அடைக்கலம் கொடுக்கின்றாள். அவ்வளவு துணையும் கோவலனைக் கொலைக்களத்துக்கே கொண்டுசேர்க்கின்றது. ஊழ் உருத்துவந்து பயனூட்டும் என்று இளங்கோவடிகளும் முடிவிலிருந்து பின்னோக்கியே காண்கின்றார். எனினும் வழியில் வந்த துணையை அவர் ஊழின் பெயரால் மறைத்துவிடவில்லை. கோவலன் மாண்ட செய்தி கேட்டு உயிர்நீத்த மாதரியின் துயருக்கு இடமளிக்கின்றார். நீரோட்டத்தின் வழியே செல்லும் புணையாக உயிரை உவமித்த கணியன் பூங்குன்றனார் பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் ஒருங்கே விலக்கியது அக்கொள்கையின் நேர்விளைவு. ஊழும் தேவபராமரிப்பும் ஒன்றல்ல. ஒன்றில் நடத்துபவர் இல்லை, மற்றதில் நடத்துபவரே எல்லாம். ஆயினும் தனக்கு வாய்த்ததைத் தன் சிறப்பாகக் கொள்ளாதிருத்தல் என்ற அளவில் நொக்ஸின் கிறிஸ்தவம் பூங்குன்றனாரிடம் கற்கவேண்டியது உண்டு. அவருடைய சொந்த வேதமும் அதனையே கற்பிக்கின்றது.

நொக்ஸ் சென்று பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1692 இல், கோவாவைச் சேர்ந்த ஓரற்றோரியன் சபைக் குருவான யோசே வாஸ் கண்டிக்கு வந்தார். அவர் பிடித்துக்கொண்டுவரப்பட்டவரல்லர், குருக்களின்றி இருந்த கத்தோலிக்கரைத் தேடித் தாமாக வந்தவர். முன்னரே யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்கு அஞ்சி மறைந்து ஊழியஞ்செய்தவர், தமிழைக் கற்றவர். கண்டியில் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். வரட்சிக்காலத்தில் அவர் மன்றாட மழைபெய்தது என்பது கத்தோலிக்க மரபிற் பெரிதாய்ப் பேசப்படும் செய்தி. ஆயின் நொக்ஸோடு ஒப்பிடும்போது மழையைவிட 1697 இல் பரவிய அம்மைநோய்க் காலமே முதன்மையானது. நோயுற்றோரை உறவினரே கைவிட்ட வேளையில் வாஸ் அவர்களைத் தேடிச்சென்று பணிசெய்தார். 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நொக்ஸின் கதையில் வழிநடத்துதல் வெளியேறும் வழியைக் காட்டுகின்றது. வாஸின் கதையில் உள்ளே வரும் வழியைக் காட்டுகின்றது. வாஸின் கதையில் தப்பிச்செல்லும் அதிகாரம் இல்லாமையால், அவர் நடத்தப்பட்டார் என்பதற்கு அவர் யாருக்கு உதவினார் என்பதைத் தவிர வேறு சான்று தேவைப்படுவதில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். வாஸின் வாழ்வை எழுதியவர்கள் பிறர். அவர்கள் அவரைப் புனிதராகக் கண்டு எழுதினர். தம் அச்சத்தையும் பேரத்தையும் வட்டியையும் தாமே எழுதிவைத்த நொக்ஸிடம் உள்ள வெளிப்படைத்தன்மை அவ்வரலாறுகளில் கிடைப்பதரிது.

1679 செப்ரெம்பர் 22 ஆம் நாள் நொக்ஸும் றட்லண்டும் வாணிகப் பொதியோடு எலதெத்தவை விட்டனர். அக்ரோபர் 18 இல் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். இடைப்பட்ட பக்கங்கள் நூலின் மிகச்சிறந்த உரைநடை. அனுராதபுரத்தில் அவர்களைச் சூழ்ந்துநின்ற மக்கள் மலபார்கள், அஃதாவது தமிழர், சிங்களம் அறியாதவர். இருபதாண்டாய்ச் சிங்களத்திற் பழகிய நொக்ஸ் அங்கே ஊமையாய் நின்றார். சிங்களம் அறிந்த தலைவனிடம் உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகப் பொய்சொல்லித் தப்பினார். பின்னர் மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டில் நடந்தனர். இரவில் யானைக்கு அஞ்சித் தீ மூட்டினர், மழைக்கு மரப்பொந்தில் ஒதுங்கினர், மனிதர் குரல் கேட்டால் மூச்சடக்கி ஒளிந்தனர். இங்கே நொக்ஸின் நம்பிக்கை முழு அழகோடு வெளிப்படுகின்றது. ஏனெனில் அடுத்த வளைவில் என்ன உளது என்று நடப்பவருக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. முடிவை அறிந்த பேனா இப்பக்கங்களில் மட்டும் தன் அறிவை மறந்துவிடுகின்றது. கடவுளின் பெயர் வருமிடங்களும் சுருக்கமானவை. மூச்சுவாங்கும்போது இயல்பாய் வரும் பெயர்போல வருபவை.

நூல் 1681 இல் முடிகின்றது. நொக்ஸின் வாழ்வு முடியவில்லை. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ரொங்குயின் மேர்ச்சன்ற்' என்னும் கப்பலுக்குத் தலைவரானார். 1680 களின் நடுப்பகுதியில் அக்கப்பலோடு மடகஸ்கார் சென்று, சென் ஹெலினாத் தீவுக்கு வேண்டிய அடிமைகளை வாங்கினார். பத்தொன்பது ஆண்டு பிறருடைய நாட்டிற் பிடிபட்டுக் கிடந்தவர், தந்தையைப் பிடிநாட்டிற் புதைத்தவர், தம் விடுதலைக்காக ஏட்டுக்கு ஏடு கடவுளுக்கு நன்றி கூறியவர், மனிதரை விலைகொடுத்து வாங்கினார். இதனை அக்காலத்து வழக்கம் என்று கடந்துவிடுதல் எளிது. காலத்தின் வழக்கத்தை மறுத்தோர் அக்காலத்திலும் இருந்தனர். நூலைப் படித்து வந்தவர்க்கு இது எதிர்பாராத வீழ்ச்சியாகவும் தோன்றாது. பறங்கிப்பேட்டைப் பையன் சொற்கேளாதவனானான் என்ற அந்த ஒரு கருத்துரையிலேயே மடகஸ்கார் இருக்கின்றது. எகிப்திலே அந்நியராயிருந்ததை நினைந்து அந்நியரை ஒடுக்காதிருங்கள் என்னும் மோசேயின் கட்டளை, தொப்பி கொடுத்து வாங்கிய அந்த வேதாகமத்திலும் அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. பக்கம் அவ்விடத்தில் திறக்கவில்லை போலும்.

1719 இல் வெளிவந்த டானியல் டீபோவின் 'றொபின்சன் குறூசோ' நொக்ஸின் நூலுக்குக் கடன்பட்டது எனத் திறனாய்வாளர் பலர் கருதுவர். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்ரன்' நாவலில் நொக்ஸின் கதையை டீபோ வெளிப்படையாகவே சுருக்கித்தருகின்றார். ஆதலின் நொக்ஸை டீபோ அறிந்திருந்தமை உறுதி. குறூசோவும் தனிமையில் வேதம் வாசித்துத் தேவபராமரிப்பை உணர்பவன். ஆனால் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. குறூசோவின் தீவு நெடுங்காலம் ஆளில்லாத தீவு. அவனுக்கு வேதாகமம் கப்பலிலிருந்து மீட்ட பெட்டியிலிருந்து கிடைக்கின்றது. முதியவர் இல்லை, பேரம் இல்லை, தொப்பி பின்னியவன் இல்லை. பிற்பாடு வரும் வெள்ளி என்னும் பணியாளனுக்குப் பெயரிடுபவனும் குறூசோவே. அவன் சொற்கேளாதவனாய் ஒருநாளும் ஆவதில்லை. கடவுளுக்கும் தனிமனிதனுக்கும் இடையில் வேறெவரும் நில்லாத கதையை உருவாக்க, நொக்ஸின் ஊர் நிறைந்த கண்டிநாட்டை டீபோ வெறுமையாக்க வேண்டியிருந்தது. நொக்ஸின் நூல் அந்த வெறுமைக்கு முந்தியது. அவர் மறக்க முயன்றவர்களும் அவர் பக்கங்களில் நடமாடிக்கொண்டேயிருக்கின்றனர்.

கண்டிநாட்டிற் சிறையிருந்த தம் நாட்டார் பலரின் பெயர்களை நொக்ஸ் தம் நூலில் அக்கறையோடு பதிவுசெய்துள்ளார். தம்மோடிருந்து வளர்ந்த லூசியா என்னும் சிறுமியின் பெயரும் உளது. பறங்கிப்பேட்டைப் பையன் முதலதிகாரங்களில் வருகின்றான், ஓடைக்கரையில் வருகின்றான், பல்லாண்டின்பின் வறியவனாய் வடக்கே ஒருமுறை வருகின்றான்; எங்கும் அவன் பெயர் குறிக்கப்படவில்லை. இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் குறித்த நாளில் அவன் காத்திருந்தானா, எத்தனை நாள் காத்திருந்தான், வலியோடு அடுப்பங்கரையிற் கிடந்தவர் வரவில்லை என்று எப்போது புறப்பட்டான் என்பனவற்றை நூல் கூறவில்லை.